மையப்பிறழ்வு

திருத்தங்கல் ரயில்வே கேட்டில் பஸ் நின்றுவிட்டது. கூட்ஸ் வண்டி போகிற வரைக்கும் இனி நகராது. குருவையா அந்தச் சொல்லை மனசுக்குள் மறுபடியும் எழுத்துக்கூட்டினான். ம, ன, ப், பி, ற, ழ், வு. ஏழு எழுத்து, ஒரு பிழை இல்லை. றகரம் சரி, ழகரம் சரி, ஒற்று வேண்டிய இடத்தில் ஒற்று. பத்தொன்பது வருஷமாகப் புரூஃப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒரு சொல் சரியாக இருந்துவிட்டால் அதைத் தாண்டிப் போய்விடத் தெரிய வேண்டும். சரியான சொல்லில் போய் நிற்கக் கூடாது, நின்றால் அது கலைந்து வெறும் கோடும் சுழியுமாகிவிடும், அப்புறம் பக்கத்தில் உள்ளதெல்லாம் பிழையாகத் தெரிய ஆரம்பிக்கும். நின்றுவிட்டான். ராத்திரி அச்சகத்தில் நின்றான், காலையில் வீட்டுக்கு வந்து குளித்துச் சட்டை மாற்றும்போது நின்றான், இதோ மதுரை பஸ்ஸிலும் நிற்கிறான். முந்தாநாள் மச்சான் காளிராஜ் போனில் அனுப்பிய படம் அது. ஒரு மனநலக் காப்பகத்தின் சேர்க்கைப் படிவம், மச்சானே குண்டு குண்டான கையெழுத்தில் நிரப்பியது. பெயர் சந்தனமாரி. வயது நாற்பத்தாறு. கணவர் பெயர் குருவையா. நோயின் தன்மை என்ற இடத்தில் அந்தச் சொல். அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ‘சேர்ப்பவர் கையொப்பம்’. கோடு மட்டும்தான் காலி. ஓடைப்பட்டி விலக்கில் இறங்கினால் காப்பகத்துக் கேட்டிலேயே மச்சான் படிவத்தோடு நிற்பார், கட்டிய புருஷன் ஒரு கையெழுத்தைப் போட்டால் போதும், மாப்பிள்ளை மத்தியானத்துக்குள் வீடு திரும்பிப் படுத்துவிடலாம். அப்படித்தான் சொல்லியிருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சந்தனமாரி, தன் அண்ணன் எழுதிய படிவத்துக்குத் தன்னைக் கொண்டுபோகிற இந்த பஸ்ஸில், மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு கூட்ஸ் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாள் போல. வலது பாதம் பஸ்ஸின் தகரத் தரையில் குதியும் விரலுமாக மாறி மாறி அமுங்கிக்கொண்டே இருந்தது. அதையும், போன வாரம் கூட்டிப்போய்க் காட்டிய டாக்டர் சீட்டில் குறித்திருந்தார். காலை ஆட்டுகிறார், தனக்குத்தானே முணுமுணுக்கிறார், கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, நோக்கமின்றி ஊர் சுற்றுகிறார். பத்து நிமிஷம்தான் பார்த்தார் அந்த டாக்டர். ஒரு பக்கம் புரூஃப் பார்க்கவே குருவையாவுக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகும்.

சுற்றுகிறதைப் பற்றி அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாவது. மற்றதெல்லாம் பாரம் பாரமாக வந்தது. அச்சகத்தில் பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு பாரம், ஒரே தாளில் அடித்து மடிக்கிற கணக்கு. ராத்திரி ஷிப்டில் புரூஃப் பார்க்க இரண்டு பேர். ஒற்றைப்படைப் பாரம் குருவையாவுக்கு, இரட்டைப்படைப் பாரம் தவமணிக்கு. முதலாளியின் அப்பா காலத்து ஏற்பாடு, யாரும் மாற்றவில்லை. அதனால் உலகத்து ஞானம் பூராவும் அவனுக்குப் பாதிப் பாதியாகத்தான் கிடைத்திருக்கிறது. மண்ணீரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும், எதற்கு இருக்கிறது என்பது தவமணி பாரத்தில் போய்விட்டது. ஒரு ராஜா படையோடு ஆற்றைக் கடந்தது தெரியும், அடுத்த பாரத்தில் பார்த்தால் அவன் பேரன் வரி போட்டுக்கொண்டிருக்கிறான். தவமணியிடம் கேட்டால் எழுத்தைப் பாருண்ணே, விஷயத்தை எதுக்குப் பாக்க என்பான். அவன் நிம்மதியாகத் தூங்குகிறவன். குருவையா அப்படியில்லை, விட்டுப்போன பதினாறு பக்கத்தைத் தானே இட்டுக்கட்டி நிரப்பிக்கொள்வான், நிரப்பியது சரியென்று நாலு பேரிடம் அடித்தும் பேசுவான். பொழுதும் அவனுக்குப் பாதிதான். அவன் அச்சகத்தில் இருக்கிற நேரம் வீடு தூங்கும், அவன் தூங்குகிற நேரம் வீடு என்ன செய்கிறது என்று அவனுக்குத் தெரியாது. சந்தனமாரியையும் ஒற்றைப்படைப் பாரமாகவே இருபத்திரண்டு வருஷம் வாசித்திருக்கிறான். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் காப்பியிலிருந்து ஷிப்டுக்குக் கிளம்புகிற வரை. நடுவில் இருந்ததெல்லாம் யார் பாரம்? பஸ் நகர்ந்தது. கூட்ஸ் போய்விட்டது. “நாப்பத்திரெண்டு” என்றாள் அவள், அவனிடம் இல்லை.

போன வருஷம் ஆடியில் அந்த வானியல் புத்தகம் வந்தது. அஞ்சல்வழிக் கல்லூரிக்காரர்கள் அடிக்கக் கொடுத்தது. மூன்றாம் பாரம் அவனுடையது, முப்பத்து மூன்றாம் பக்கத்தில் ஆரம்பம். கோள்கள் போகிற பாதையை இரண்டே எண்ணில் சொல்லிவிடலாம் என்று இருந்தது. ஒன்று அளவு. அந்த நீள்வட்டத்தின் நீளமான குறுக்களவில் பாதி, அரை நெட்டச்சு என்று பெயர். இன்னொன்று வடிவம். எவ்வளவு உருண்டை, எவ்வளவு நசுங்கல் என்று சொல்கிற எண். சுழியென்றால் சுத்த வட்டம், ஒன்றை நெருங்க நெருங்க ஊசி மாதிரி ஒல்லியாகும். அந்த இரண்டாவது எண்ணுக்கு ஆசிரியர் எழுதியிருந்த பெயர்தான் மையப்பிறழ்வு. அப்படி ஒரு சொல்லை அவன் கண்டதில்லை. கண்டது வேறொன்று. அந்த வாரம்தான் மச்சான் முதல் தடவையாக போனில் குரலைத் தாழ்த்தி, மாப்ள, இது மனப்பிறழ்வு மாதிரி இருக்குன்னு இங்க ஒருத்தர் சொல்றார் என்றிருந்தார். டைப் அடித்தவனுக்குக் கை தவறியிருக்கிறது என்று குருவையா முடிவுகட்டினான். சிவப்புப் பேனாவால் பதினோரு இடத்தில் ‘மைய’வை அடித்து ஓரத்தில் ‘மன’ என்று எழுதினான். சரியாக இருந்ததைத் தேடித் தேடித் திருத்துவது எழுதுகிறவனால் முடியாது, படிக்கிறவனாலும் முடியாது. புரூஃப் பார்க்கிறவன் ஒருத்தனால்தான் முடியும். புவியின் மனப்பிறழ்வு மிகக் குறைவு, வால்நட்சத்திரங்களின் மனப்பிறழ்வு மிக அதிகம் என்று மூவாயிரம் பிரதி அடித்து, தைத்து, அட்டை போட்டுப் போய்விட்டது. முதலாளி எல்லாரையும் வைத்துக்கொண்டு கேட்டார். “என்னய்யா குருவையா, பூமிக்குக் கிறுக்குன்னு போட்டிருக்க. கிறுக்கு பூமிக்கா, உனக்கா?” சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. அவன் வீட்டு விவகாரம் அங்கே எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாதியில் நின்ற சிரிப்புதான் இன்னும் கிடக்கிறது உள்ளே, முள் மாதிரி; முழுசாகச் சிரித்திருந்தால் எப்போதோ மறந்திருப்பான்.

மூவாயிரம் பிரதிக்கும் பிழைதிருத்தச் சீட்டு ஒட்டுகிற வேலையை அவன் தலையிலேயே கட்டினார்கள். பசையும் சீட்டுமாக உட்கார்ந்து ஒட்டும்போதுதான் அந்தப் பாரத்தை நிஜமாகவே படித்தான். பூமியின் பாதையைத் தாளில் வரைந்தால் வட்டத்துக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாதாம். நெட்டச்சில் பாதியை ஒரு மீட்டர் என்று வைத்து வரைந்தால் நசுங்கல் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு, பென்சில் கோட்டின் தடிமனுக்குள் மறைந்துபோகும். ஆனால் சூரியன் மட்டும் நடுவில் இருக்காது, கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் சென்டிமீட்டர் அளவுக்கு ஒதுங்கி நிற்கும். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு வட்டம் வட்டமாகத்தான் தெரியும். விலகல் உள்ளே இருக்கிறது. அந்த வரியில் அவன் பேனா நின்றது ஞாபகம் இருக்கிறது. நின்றதே தவிர எதற்கு நின்றது என்று அப்போது யோசிக்கவில்லை, வட்டம் வரைய ஆணி தேடப் போய்விட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய காலண்டர் அட்டையின் முதுகில் இரண்டு ஆணி அடித்து, சந்தனமாரியின் பழைய நூல்கண்டிலிருந்து நூல் எடுத்துக் கண்ணி போட்டு, பென்சிலை நூலுக்குள் விட்டு இழுத்துப் பிடித்துச் சுற்றினான். நூல் வழுக்கியது. அவள் அடுப்படியிலிருந்து வந்து ஒரு ஆணியைப் பிடித்துக்கொண்டாள். அவன் விளக்கினான். இந்த ஆணிதான் சூரியன். கிட்ட வரும்போது கிரகம் வேகமாகப் போகும், எட்டப் போனால் மெதுவாகும். அவள் கேட்டாள்: “அப்ப இந்த இன்னொரு ஆணியில என்ன இருக்கு?” ஒன்றும் இல்லை, புஸ்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கு, அது வெறும் புள்ளி என்றான். அவள் தான் பிடித்திருந்த ஆணியைப் பார்த்தாள். “ஒண்ணும் இல்லாத எடத்துக்கு எதுக்கு ஆணி” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அந்த வருஷம் அவள் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். அவனுக்குக் கோபம்தான் வந்தது. புரியாதவளிடம் சொன்னோமே என்று.

விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் பத்து நிமிஷம் என்று சொல்லி இறங்கிப் போனார். வெள்ளரிக்காய் கூடை ஒன்று ஜன்னலோரம் வந்து, அவள் முகத்தைப் பார்த்து, அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தது. போன் அடித்தது, மச்சான். மாரி எப்படி இருக்கு, வழியில ஒண்ணும் ரகளை இல்லையே என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் செய்த ரகளை என்று ஒன்றையாவது ஞாபகப்படுத்திச் சொல்லலாம் என்று பார்த்தான். வரவில்லை. ஒண்ணும் இல்ல மச்சான் என்றான். பத்தரைக்குள்ள வந்துருங்க, அந்த அம்மா ரவுண்ட்ஸுக்குப் போயிருவாங்க. ரவுண்ட்ஸ். எல்லாரும்தான் சுற்றுகிறார்கள், அவளுக்கு மட்டும் பேர் வைத்துவிட்டார்கள். காப்பகத்து அம்மா ரவுண்ட்ஸ் போவார், மச்சான் சரக்கெடுக்க ஊர் ஊராய்ச் சுற்றுவார், சந்தனமாரி போனால் நோக்கமின்றி. நோக்கத்தைக் கண்டுபிடித்தவன் அவன் ஒருத்தன்தான். அதில் அவனுக்கு ஒரு கர்வம்கூட இருந்தது, நேற்று ராத்திரி வரைக்கும். மூன்று இடத்தில் பார்த்ததை வைத்தே ஒரு பாதையின் அளவையும் வடிவையும் கணித்துவிடலாம் என்று மூன்றாம் பாரத்தில் இருந்ததா இல்லையா. அவள் தினமும் பன்னிரண்டு மணிக்கு வீட்டை விட்டுப் போய் நாலரைக்குத் திரும்புகிறாள், எங்கே போகிறாள் என்று ஊர் கேட்கிறது. மூன்று பேரை விசாரித்தான். தெருமுனை வாட்ச் ரிப்பேர்க்காரர், உங்க வீட்டம்மா ஓட்டமும் நடையுமாப் போகும், தலைய நிமுத்தாது, திரும்பி வரையிலும் அதே ஓட்டந்தான் என்றார். ரயில்வே கேட் பூக்காரி, எல்லாரும் போற மாதிரித்தான் போவுது என்றாள். பைபாஸ் டீ மாஸ்டர், அந்தக் கல்லுல வந்து உக்காரும்ணே, ஒரு மணி நேரம் ஒண்ணரை மணி நேரம், ஒரு டீ கூடக் குடிக்காது, உதட்ட மட்டும் அசைச்சுக்கிட்டு இருக்கும் என்றார். காலண்டர் அட்டையில் புள்ளி வைத்தான். எட்டப் போனால் மெதுவு. கிட்ட வந்தால் வேகம். எங்கே வேகமோ அங்கேதான் இழுக்கிற பொருள் இருக்கிறது. வேகம் இருந்தது அவன் தெருவில். அப்படியானால் குவியத்தில், அந்தச் சூரிய ஆணி அடித்த இடத்தில், இருப்பது வீடு. வீட்டில் இருப்பது, போர்வையை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருப்பது, அவன். எந்தப் பக்கம் போனாலும் நாலரை மணி நேரம்தான் ஆகிறது. அதுவும் ஒத்துப்போனது. சுற்றுகிற காலம் வடிவத்தைப் பொறுத்ததில்லை, அளவை மட்டும்தான் பொறுத்தது. ஒல்லியாகப் போனாலும் உருண்டையாகப் போனாலும் நெட்டச்சு ஒன்றானால் வருஷமும் ஒன்று. அன்றைக்கு அச்சகத்துக்குப் போகும்போது சைக்கிள் லேசாக இருந்தது. ஊர் ஆயிரம் சொல்லட்டும், அவள் என்னைத்தான் சுற்றுகிறாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் படிவத்தில் அவன் பேரையும் எழுதியிருப்பார்கள்.

அதே புத்தகம் மறுபதிப்புக்கு வந்திருந்தது நேற்று. தவமணி மச்சினி கல்யாணத்துக்குப் போய்விட்டான். நான்காம் பாரம் குருவையா மேஜைக்கு வந்தது, பத்தொன்பது வருஷத்தில் முதல் இரட்டைப்படை. நாற்பத்தொன்பதாம் பக்கம். கிரகம் ஏன் சூரியனில் விழுவதில்லை? இப்படி ஒரு கேள்வி இருப்பதே அவனுக்குத் தெரியாது. விழுந்துகொண்டேதான் இருக்கிறது என்று எழுதியிருந்தார் ஆசிரியர். ஒவ்வொரு நொடியும் விழுகிறது, ஆனால் குறுக்கே போகிற வேகம் இருப்பதால் குறி தவறிக்கொண்டே இருக்கிறது. மிகக் கிட்டத்தில் வரும்போது வேகம் உச்சத்தில் இருக்கும், அந்த வேகம் சூரியனை நோக்கியதல்ல, சூரியனைக் கடப்பது. அந்த வேகம் மட்டும் இல்லாவிட்டால் நேரே உள்ளே போய் எரிந்துவிடும். அவன் அந்த வரியில் பிழை தேடினான். ஒரு எழுத்தாவது, ஒரு புள்ளியாவது. ஓட்டமும் நடையுமாப் போகும், தலைய நிமுத்தாது. இல்லை, மனுஷி என்ன கிரகமா, ஒரு பாரத்தை வைத்துக்கொண்டு பெண்டாட்டியை அளந்தால் இப்படித்தான். ஆனால் போன வருஷம் அளந்தாயே, அப்போது இனித்தது. வெயிலுக்குத்தான் வேகமாக நடந்திருப்பாள். வெயில் பைபாஸில் இல்லையா? தெருவில் நாலு பேர் பார்ப்பார்களே என்று கூச்சம். கூச்சப்படுகிறவள் பைபாஸ் கல்லில் ஒன்றரை மணி நேரம் உட்காருவாளா? சரி, அவன் தூங்குகிறான் என்று, சத்தம் கேட்டு எழுந்துவிடக் கூடாது என்று. யோசனை அங்கே போய் நின்றது. சத்தம். அந்தச் சொல்லை அவன் தொடாமலே எத்தனை வருஷம் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறான். பஸ் நாலுவழிச் சாலையில் ஏறி வேகம் எடுத்தது, எதிர்க் காற்றில் அவள் முந்தானை அவன் கைமேல் விழுந்து கிடந்தது, அவன் எடுத்துவிடவில்லை.

தையல் மிஷின். காலால் மிதிக்கிற பழைய மிஷின், கல்யாணத்துக்கு அவள் கொண்டுவந்தது. தெருவில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் அவள்தான். அவனுக்கு ராத்திரி ஷிப்ட் வந்த பிறகு பகலில் அந்தச் சத்தம் தலைக்குள் தைத்தது. முதலில் அவள் மிஷின் கால்களுக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டாள். அப்புறம் மெள்ள மிதித்தாள், மெள்ள மிதித்தால் நூல் அறும், அறுந்து அறுந்து கோத்தாள். அப்புறம் ஒரு நாள் அவன் எழுந்து வந்து சக்கரத்திலிருந்து வாரைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தான். வாரில்லாத மிஷினை வைத்துக்கொண்டு என்ன செய்வாள், மதுரை ஜெய்ஹிந்த்புரத்தில் இருக்கிற தங்கச்சி ஜெயக்கொடிக்குக் கொடுத்தனுப்பினாள். அக்கா, நீயும் இங்க வந்துரு, ரெண்டு பேருமாத் தைப்போம் என்று ஜெயக்கொடி கேட்டபோது, இங்க எனக்கு யார் பொங்குறது என்று அவன் சிரித்ததும் ஞாபகம் வந்தது. பிறகு வீடு அமைதியாகிவிட்டது என்றுதான் நினைத்தான். ஆகவில்லை. வளையல் கேட்டது. கரண்டியை வைப்பது கேட்டது. ஆறு வருஷம் இப்படிப் போனபின் ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்தால் அவள் சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருக்கிறாள், ஒரு சத்தமும் இல்லை, அந்தச் சத்தமின்மை அவனை எழுப்பிவிட்டது. அப்போது அவன் சொன்னதை வார்த்தை மாறாமல், ஒற்று மாறாமல், இப்போது சொல்ல முடிந்தது: ‘நீ சும்மா இருக்கிறதுகூடக் கேக்குது. எங்கயாவது போயிட்டு நாலரைக்கு வா.’ அவள் எழுந்து போனாள். நாலரைக்கு வந்தாள். மறுநாளும். அப்படி ஐந்து வருஷம். காலம் அளவைப் பொறுத்தது என்று அட்டையில் எழுதிவைத்தானே, மடையன். யாரும் இழுத்து வரவில்லை, அவன் வைத்த கெடு வந்தது. ஒரு மனுஷியை வீட்டை விட்டுச் சுற்றச் சொல்லிவிட்டு, சுற்றுகிறாள் என்று டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், ஆமாம் டாக்டர், சுற்றுகிறாள், நோக்கம் ஒன்றும் தெரியவில்லை என்று தலையாட்டியவன். இப்போது பயம் வந்தது. படிவத்தில் கையெழுத்துப் போடுவதில் பயமில்லை, அது சுலபம். போட்டுவிட்டுத் திரும்பினால் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது, அந்தச் சத்தமின்மை அவனுடையதாக மட்டும் இருக்கும், எங்கயாவது போயிட்டு வா என்று சொல்ல ஆளிருக்காது.

கள்ளிக்குடி தாண்டிவிட்டது. அடுத்தது விலக்கு. இந்தப் பக்கத்தில் மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற இடத்தையெல்லாம் விலக்கு என்றுதான் சொல்வார்கள், அதில் ஒன்றும் விசேஷமில்லை. அவன் கேட்டுவிட்டான், என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே. பைபாஸில் அந்தக் கல்லில் உட்கார்ந்து என்னதான் பண்ணுவே என்று. அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். டாக்டர் கேட்டதற்கெல்லாம் வாய் திறக்காதவள், பால்காரருக்குப் பதில் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

“மதுரை பஸ்ஸ எண்ணுவேன். ஏழாவது பஸ்ஸுல ஏறிரணும்னு நெனைப்பேன். ஏழாவது வாரதுக்குள்ள நீங்க எந்திரிக்கிற நேரம் ஆயிரும். காப்பி போடணும்ல.”

அப்படியென்றால் இப்போது எங்கே போகிறோம் என்று தெரியுமா என்றான். தெரியும் என்றாள், அண்ணன் எல்லாம் சொல்லிட்டாரு. சொல்லிவிட்டுத் துணிப்பையைக் கொஞ்சம் திறந்து காட்டினாள். இரண்டு சேலை, ஒரு சீப்பு, அதற்கடியில் கத்தரிக்கோல், அளவெடுக்கிற டேப்பு, பாபின் நாலு. அவள் குரலில் இப்போது அவன் பல வருஷமாகக் கேட்காத ஒன்று இருந்தது. ஆசை.

“அங்க மிஷின் போட்டிருக்காங்களாம். பகல்ல மிதிக்கலாமாம். அண்ணன் சொன்னாரு.”

பாதம் தரையில் குதியும் விரலுமாக அமுங்கியது. காலை ஆட்டுகிறார். பதினோரு வருஷமாக இல்லாத மிஷினை மிதித்துக்கொண்டிருக்கிற காலை அவன் அப்போதுதான் பார்த்தான். பகலில் மிதிக்கலாம் என்பதற்காக ஒருத்தி பைத்தியக்காரி என்று பேர் வாங்கிக்கொள்ளத் துணிப்பையோடு கிளம்பி வருகிறாள், அதுவும் சந்தோஷமாக. ஒண்ணும் இல்லாத எடத்துக்கு எதுக்கு ஆணி. அவள் பிடித்துக்கொண்டிருந்த அந்த இரண்டாவது ஆணியில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கே அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் கேட்டிருக்கிறாள்; புஸ்தகம் சொன்னதைத்தான் அவன் சொன்னான். நான்காம் பாரத்தில் கடைசிப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. சூரியன் திடீரென்று இல்லாமல் போனால் கிரகம் என்ன ஆகும்? எங்கேயும் விழாது. அந்தக் கணம் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் நேராகப் போய்க்கொண்டே இருக்கும். இதில் சூரியனுக்குப் பெருமை ஒன்றும் இல்லை. இல்லாமல் போவது ஒரு தர்மமா என்ன. ஓடைப்பட்டி விலக்கெல்லாம் வாங்க என்று கண்டக்டர் கம்பியைத் தட்டினார். குருவையா எழுந்து, இந்த அம்மாவுக்கு மட்டும் மதுரைக்கு ஒரு டிக்கெட் கொடுங்க என்றான். கண்டக்டர் ரெண்டு பேரும் இங்கதானய்யா டிக்கெட் என்று முனகிக்கொண்டே கிழித்துக் கொடுத்தார். டிக்கெட்டையும் பர்ஸில் இருந்ததையும் போனையும் அவள் மடியில் வைத்தான். போனில் ஜெயக்கொடி நம்பர் இருக்கு, பெரியார் பஸ் ஸ்டாண்டில் எறங்கிக் கூப்பிடு, ஒன் மிஷின் அங்கதான் இருக்கு என்றான். நீ எறங்க வேண்டாம் என்று சொல்ல வந்தவன், அதுவும் ஒரு உத்தரவு என்று தோன்றி, “எறங்குறதுன்னா எறங்கு. இல்லாட்டிப் போ” என்றான். அவள் டிக்கெட்டைப் பார்த்தாள், எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள் மாதிரி நேரமெடுத்து. பிறகு கேட்டாள்.

“நாலரைக்கு எந்திரிச்சு என்ன பண்ணுவீங்க?”

அதில் அக்கறை இருந்ததா என்று தேடினான். புரூஃப் பார்க்கிற கண்ணால் தேடினான். பதில் தெரிந்துகொள்கிற ஆவல்கூட இல்லை, அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகப்படுகிறவள் கேட்கிற கேள்வி. எந்திரிச்சுக்கிருவேன் என்று சொல்லி இறங்கினான். விசில் அடித்தது. பஸ் நகரும்போது ஜன்னலைப் பார்த்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் பார்க்கிற திசையையே அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோடு அந்த இடத்தில் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது, பஸ் சின்னதாகிக்கொண்டே போனது, அதன் பின்கண்ணாடியில் வெயில் பட்டு ஒரு தடவை மின்னியது, அப்புறம் அதுவும் இல்லை.

காப்பகம் விலக்கிலிருந்து கூப்பிடு தூரம்தான். கேட்டில் காளிராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார், கையில் அட்டைமேல் வைத்த படிவம். குருவையா தனியாக வருவதைப் பார்த்ததும் அவன் முதுகுக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார்.

“மாப்ள, மாரி எங்க?”

“மதுரைக்குப் போறா.”

தனியாவா என்றார். கிறுக்குப் பிடிச்சவளைத் தனியா பஸ்ஸில் விட்டுட்டு வந்து நிக்கிறீங்களே, நீங்கள்லாம் புத்தகம் படிக்கிற மனுஷன்தானா என்றார். வழியில எறங்கித் தொலைஞ்சு போனா யார் பதில் சொல்றது என்றார். எல்லாம் நியாயமான கேள்வி. அவள் ஏறிப் போன பாதையின் அளவும் வடிவும் அவனுக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. அவன் கையை நீட்டிப் படிவத்தை வாங்கினான். கையெழுத்தையாவது போடப்போகிறான் என்று மச்சான் அட்டையை விட்டார். குருவையா சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தான். ம, ன, ப், பி, ற, ழ், வு. முதல் இரண்டு எழுத்தை ஒரே கோட்டில் அடித்தான். கோட்டை ஓரத்துக்கு இழுத்து, அச்சகத்தில் பழகிய சின்ன எழுத்தில், ‘மைய’ என்று எழுதினான். கையொப்பக் கோட்டைக் காலியாகவே விட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

காளிராஜ் படிவத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். “என்ன இது, என்ன கிறுக்கி வச்சிருக்கீங்க?”

“பிழை, மச்சான்.”

“என்ன பிழை? டாக்டர் சீட்டப் பாத்துப் பாத்து எழுத்து மாறாம நான் எழுதுனது.”

“நீங்க எழுதுனது சரி. பிழை நான் போட்டது.”